கை நனைத்த ஊர்

சீ, இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. புகையைச் சொல்லவில்லை. அது தினமும் குமட்டுவதுதான். அன்றைக்கு நான் தின்ற சோற்றைச் சொல்கிறேன்.

காரைக்குடியிலிருந்து மானகிரி தாண்டிப் போனால் எங்கள் ஊர். ஊருக்கு மேற்கே, பழைய டயரை உலையில் போட்டு எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்று வந்தது. நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். வெள்ளைத் துணியைத் தைத்து முடிப்பதற்குள் கரி படிந்துவிடும். தட்டிவிட்டால் இன்னும் இழுவிக்கொள்ளும். "என்னக்கா, அடுப்படியில உக்காந்து தச்சீகளா?" என்று கேட்டுவிட்டு ஒருத்தி துணியை வாங்காமலே போனாள்.

துணி கிடக்கட்டும், சனியன். என் மகளுக்கு ஒன்பது வயது. மேல்காற்று அடித்தால் இழுப்பு வந்துவிடும். விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய மூச்சுக்குத் தவிப்பாள். முகத்தில் மாஸ்க்கை மாட்டி, மருந்துப் புகையைப் பிடிக்கச் சொல்லி, கரண்ட் போய்விடக் கூடாதே என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். புகையால் வந்த நோய்க்குப் புகையே மருந்து. என்ன கொடுமை பாருங்கள்.

புகைபோக்கியில் வடிகட்டி மாட்ட வேண்டும் என்பது சட்டமாம். மாட்டத்தான் செய்திருந்தார்கள். அதிகாரி பார்க்க வரும் நாளில் மட்டும் அது ஓடும். அன்றைக்கு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். அவர் வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் பழைய குருடி கதவைத் திறடி. தூ!

இந்த லட்சணத்தில் இரண்டாவது உலைக்கு அனுமதி கேட்டார்கள். அதற்கு முன் ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. கல்யாண மண்டபத்தில் கூட்டம், மைக்கில் சொல்வதை மட்டும்தான் எழுதிக்கொள்வார்கள் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்று நாள் தையல் மெஷினை மிதித்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். என் பிள்ளைக்கு மூச்சு முட்டுது. வடிகட்டியைத் தினமும் ஓட்டுங்க. ரெண்டாவது உலை வேண்டாம். அவ்வளவுதான்.

மண்டபத்துக்குப் போனால் பந்தி விரித்திருந்தது. அதிகாரிகள் சிவகங்கையிலிருந்து வந்து சேர இரண்டு மணி ஆகும், அதற்குள் சாப்பிட்டுவிடலாம் என்றார் ஆலை மேனேஜர். வாசலிலேயே நெய் மணத்தது.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால், பேச்சு முடியும்வரை அந்த வீட்டில் கை நனைக்க மாட்டோம். கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்புறம் அந்த வீட்டைக் குறை பேசக் கூடாது. இது தெரியாதவர்கள் அந்த மண்டபத்தில் ஒருவரும் இல்லை. மேனேஜரும் இந்தப் பக்கத்து ஆள்தான். தெரியாமலா பந்தி விரித்தார்?

வாசலிலேயே நின்றேன். "பசியோட எம்புட்டு நேரம் நிப்ப? சோறு வேற, பேச்சு வேற. வந்து உக்காரு" என்றார் என் வீட்டுக்காரர். அவரைச் சொல்லி என்ன, என் வாயில் எச்சில் ஊறிக்கொண்டிருந்தது. உட்கார்ந்தேன். "என்னக்கா, ஒண்ணுமே சாப்பிடாம இருக்கீக?" என்று மேனேஜரே குனிந்து பாயசம் ஊற்றினார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த அப்பா மாதிரி. வேண்டாம் என்று கையைக் காட்டவில்லை. இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன். மானங்கெட்ட நாக்கு!

அதிகாரி வந்தார். நல்ல மனுஷர். ஆலையைப் பற்றி யார் வேண்டுமானாலும் பயப்படாமல் பேசலாம் என்று மூன்று முறை சொன்னார். புகைக்கு மேனேஜர் வீட்டை எரிக்க வேண்டும் என்று டீக்கடையில் கத்திய ஆம்பளைகள் எல்லாம் வெற்றிலையை மென்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள். "இப்பத்தான் சாப்பிட்டோம், எப்படிப்பா திட்டுறது?" என்று பின்னால் யாரோ முனகினார்.

நான் எழுந்து போய் மைக்கைப் பிடித்தேன். எதிரே மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார்.

"சாப்பாடெல்லாம் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றேன். "புகையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கிட்டா நல்லா இருக்கும்."

முதலில் கை தட்டியது மேனேஜர்தான். பிறகு மண்டபமே தட்டியது. "வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று அதிகாரி பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். "இல்லைங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். த்தூ, நானும் ஒரு மனுஷியா?

இரண்டாவது உலையும் இப்போது ஓடுகிறது. பிள்ளையை இந்தக் காற்றில் வைத்திருக்காதீர்கள் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஒக்கூரில் இருக்கும் என் அக்கா வீட்டில் விட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று முடிவாயிற்று. பஸ்ஸில் போகும்போது என் மடியில் சாய்ந்திருந்தவள் தலையைத் தூக்கினாள்.

"அன்னைக்குக் கூட்டத்துல நீ பேசுனியாமேம்மா?"

"ஆமா."

"என்ன பேசுன?"

"புகையைக் கொஞ்சம் குறைச்சுக்கங்கன்னு சொன்னேன்."



"எனக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லலையாம்மா?"

"சொல்லலைடி" என்றேன்.