‘இஸ்ட்’ வரை சரியாகச் சொன்னேன்

பள்ளிப்பட்டு தடத்தில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த என் நைனா, பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்து மூன்று வருடமான சமயத்தில்தான் நான் ஜெர்மன் படிக்க ஆரம்பித்தேன். அப்போது திருத்தணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தேன். மொழித் தேர்வில் தேறினால் ஜெர்மனியில் வேலை கிடைக்கும் என்றார்கள். டியூட்டி முடிந்து வந்து, நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே பாடத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன்.

குடும்பத்தைப் பற்றிப் பேச ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தேன். ‘மைன் ஃபாட்டர் இஸ்ட் ஸைட் ட்ரை யாரன் கிராங்க்.’ என் அப்பா மூன்று வருடமாக நோயாளியாக இருக்கிறார்.

“இஸ்ஸு கிஸ்ஸுன்னு, இங்கிலீஷ் மாதிரியே கீதே,” என்றார் நைனா. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்ததால் பேச்சு குழறும்.

“இல்ல நைனா. இங்கிலீஷ்ல இந்த எடத்துல ‘இஸ்’ போட்டா தப்பு. ‘ஹாஸ் பீன்’னு போடணும். காலேஜ்ல இதுக்கே எவ்ளோ திட்டு வாங்கினேன். ஜெர்மன்ல நம்மள மாதிரி, இருக்காருன்னே சொல்லிடலாம்.”

“ஆங். நான் இன்னும் படுத்துகினுதானே கீறேன்,” என்றார்.

தேர்வுக்குப் பதினெட்டு நாள் முன்பு, நான் டியூட்டியில் இருந்தபோது அவர் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. தேர்வுக்குப் போக வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

“இங்க உக்காந்துகினு இன்னா பண்ணப் போற? போய்ட்டு வா,” என்றாள் அம்மா.

சென்னை ரயிலில் வாக்கியத்தை மாற்றிக்கொண்டேன். ஜெர்மனில் ‘இறந்துவிட்டார்’ என்று சொல்லவும் ‘இஸ்ட்’ வேண்டும். ‘மைன் ஃபாட்டர் இஸ்ட் கெஷ்டோர்பன்.’ அரக்கோணம் தாண்டியும் அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

தேர்வு நடத்திய பெண்மணி குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். ‘மைன் ஃபாட்டர் இஸ்ட்’ என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வந்தது பழைய வாக்கியம். திக்காமல், ஒரு பிழை இல்லாமல் வந்தது. அவர் முகம் இளகியது. அப்பா சீக்கிரம் குணமடையட்டும் என்று ஜெர்மனில் சொன்னார். திருத்தியிருக்கலாம். நான் நன்றி சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். “இன்னா கேட்டாங்க?”

“வீட்டப் பத்தி.”

“நைனா போய்ட்டத சொன்னியா?”

“ஆங்.”

நைனாவின் கட்டிலை எடுத்துப்போகப் பக்கத்துத் தெருக்காரர் வந்திருந்தார். நானும் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

முடிவு வந்தபோது பேச்சுத் தேர்வில்தான் எனக்கு அதிக மதிப்பெண். அதைச் சொல்லவில்லை. தேறிவிட்டேன் என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள், “எப்போ கெளம்பணும்?”