சீனன்குடாவுக்கு ஒரு புள்ளி

அந்த எண்பது பக்கக் கொப்பியை நான் கடலில் போட்டிருக்கலாம். மூதூரிலிருந்து வந்த லோஞ்ச் திருகோணமலை இறங்குதுறையை நெருங்கும்போதே காக்கி உடுப்புகள் தெரிந்துவிட்டன. வழக்கமாக இரண்டு பொலிஸ்காரர் நிற்பார்கள். அரிசிப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். அன்று பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். லோஞ்சுக்குள் எல்லாருடைய கதையும் நின்றது. எனக்கு முன்னால் இருந்த பெண் தன் பையை முந்தானையால் மூடினாள். நான் என் பைக்குள் கையை விட்டுக் கொப்பியைத் தொட்டேன். வெளியே நழுவ விட ஒரு விநாடி போதும். ஆனால் சுற்றவர ஆட்கள். யாராவது கண்டால், எறிந்ததே குற்றமாகிவிடும் என்று தோன்றியது. அதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே லோஞ்ச் கரையில் முட்டி நின்றது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்கு இருபத்தாறு வயது. வீடு திருகோணமலை லிங்கநகரில். மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். திங்கள் காலை லோஞ்சில் போய், கிழமை முழுவதும் அங்கே ஒரு வீட்டில் தங்கி, வெள்ளிக்கிழமை பகல் திரும்புவேன். நாட்டில் அவசரகாலச் சட்டம் இருந்தது. ஓரிரண்டு கொத்துக்கு மேல் அரிசி கொண்டுபோகக் கூடாது. மூதூரில் நெல் குவிந்து கிடக்கும். குடாவுக்கு இந்தப் பக்கம் என் அம்மா விடியவே பேக்கரியில் பாண் வரிசையில் நிற்பார். அப்பா சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பகுதியில் கிளாக்கர். அவருடைய நுழைவுப் பாஸைக் காட்டாமல் அவராலேயே உள்ளே போக ஏலாது. முப்பது வருடம் அவர் வேலை செய்த இடத்தை நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கொப்பியைத் தொடங்கியவர் என்னோடு படிப்பித்த ஒரு மாஸ்டர். மூதூர்க்காரர், முஸ்லிம், என்னைவிட எட்டுப் பத்து வயது மூத்தவர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். குடியியல் பாடம் எடுத்தார். ஒருநாள் இடைவேளையில் பழைய சஞ்சிகை ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எந்த நாட்டில் மனிதருக்குச் சுதந்திரம் கூட, எந்த நாட்டில் அரசாங்கம் குறைவாகத் தலையிடுகிறது என்று ஒப்பிட்டு அதில் யாரோ எழுதியிருந்தார்கள்.

"நாடுகளை விடுங்க ரீச்சர்," என்றார். "இந்தக் குடாவைச் சுத்தி இருக்கிற ஊர்களை இப்பிடிப் பார்த்தா என்ன? ஒரே சட்டம்தானே. ஆனா எல்லா இடத்திலயும் ஒரே மாதிரியா இருக்கு?"

அப்படித்தான் ஆரம்பித்தது. பத்துக் கேள்விகள் எழுதினோம். ஓம் என்றால் ஒரு புள்ளி. யாரிடமும் கேட்காமல் ஒரு சாமானை இங்கிருந்து வெளியே கொண்டுபோகலாமா? தேத்தண்ணிக் கடையில் மனதில் பட்டதைச் சொல்லலாமா? அரசாங்கக் கந்தோருக்குத் தன் மொழியில் எழுதி, தன் மொழியில் பதில் வாங்கலாமா? கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாமா? முதல் ஐந்து கேள்விகள் அவருடைய கையெழுத்தில், மற்ற ஐந்தும் என்னுடையதில்.

என்னுடைய கேள்வி ஒன்றில் சண்டை வந்தது. ஒரு பெண் காரணம் சொல்லாமல் தனியே நடந்து போகலாமா என்று எழுதியிருந்தேன்.

"இது அரசாங்கம் இல்லை," என்றார். "இது வீடு. வீட்டை ஏன் இதுக்குள்ள கொண்டு வாறீங்கள்?"

"எனக்கு நாளுக்கு நூறு தரம் தடை போடுறது வீடுதான் மாஸ்டர். அரசாங்கம் கிழமைக்கு ரெண்டு தரம்தான்."

அவர் சிரித்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு மூதூருக்குப் பூச்சியம் போட நான் பேனையை எடுத்தபோது அவருக்கு முகம் மாறியது. நகரத்துக்கும் அதில் பூச்சியம்தான் என்றேன். சீனன்குடாவுக்கு ஒன்று. அங்கே உள்ளே குடியிருக்கும் பெரிய உத்தியோகத்தர்களின் மனைவிமார் தனியே நடந்து போவார்கள், யாரும் ஏனென்று கேட்பதில்லை என்று அப்பா சொல்லியிருந்தார். மற்ற ஒன்பது கேள்விக்கும் சீனன்குடாவுக்குப் பூச்சியம். காவல் வேலிக்குள் கிடைத்த அந்த ஒரு புள்ளியைச் சுற்றி மாஸ்டர் வட்டம் போட்டார்.

மூதூருக்கு உள்ளே, காட்டோரம் இருந்த ஒரு சிற்றூருக்குத்தான் கூடிய புள்ளி வந்தது. எட்டு. அங்கே ஒரு உத்தியோகத்தரும் எட்டிப் பார்ப்பதில்லை. மாஸ்டருக்கு அதில் பெருமை. அந்த ஊரில் ஆஸ்பத்திரியும் இல்லை, போன மாரி மழையில் ஒரு பெண் பிள்ளைப்பேற்றில் வழியிலேயே செத்துப்போனாள் என்று நான் சொன்னேன். அவர் அந்த எட்டை அழிக்கவில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி போட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, சரிபார்த்து எழுதி வருகிறேன் என்று கொப்பியை வாங்கி வந்தேன். நகரத்தில் இரண்டு நாளைக்கு முன் சுவர்களில் அரசாங்கத்துக்கு எதிராக ஏதோ நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள் என்பதும், ஒட்டியவர்களைத் தேடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது.

எங்களை வரிசையில் விட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் அரிசியைச் சீமெந்துத் தரையில் கொட்டினார்கள். அவள் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். என் பையிலும் அளவுக்கு மேல் ஒரு கொத்து இருந்தது. சார்ஜன் அரிசியைத் தள்ளிவிட்டுக் கொப்பியை எடுத்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் கோடு போட்ட கட்டங்களும் இலக்கங்களும் தெரிந்தன. பக்கத்தில் நின்ற தமிழ்க் கொன்ஸ்டபிளிடம் நீட்டினார். இளம் பெடியன், என் வயதுதான் இருக்கும். அவன் வாசிக்க வாசிக்க முகம் இறுகியது. சார்ஜனிடம் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். சீனன்குடா என்ற பெயர் மட்டும் எனக்கு விளங்கியது.

கொட்டில் ஒன்றுக்குள் கூட்டிப்போனார்கள். இருக்கக் கதிரை தந்தார்கள். இருந்தேன். சேலைத் தலைப்பை மடியில் இழுத்து விட்டுக்கொண்டேன்.

"இது என்ன?" என்று கொன்ஸ்டபிள் கேட்டான்.

"பள்ளிக்கூடப் பாடம். குடியியல்."

"சீனன்குடாவில ஆர் உள்ள போகலாம், ஆர் படமெடுக்கலாம் எண்டு பிள்ளைகளுக்கு என்னத்துக்கு?"

சார்ஜன் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரலை ஒரு வரியில் வைத்தார், இன்னொரு வரியில் வைத்தார், சிங்களத்தில் ஏதோ கேட்டார். கொன்ஸ்டபிள் அதைத் தமிழில் சொன்னான்.

"இதில ரெண்டு கையெழுத்து இருக்காம். மற்றது ஆருடையது?"

எனக்கு ஒருவரும் அடிக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், பழைய கொப்பி, கிடந்து எடுத்தது என்று சொல்லியிருக்கலாம். இதெல்லாம் பிறகு வீட்டில் வைத்து ஆயிரம் தரம் யோசித்தவை. அந்த நேரம் அப்பாவின் பாஸைப் பறித்துவிடுவார்கள் என்பது மட்டும் மனதில் வந்தது. என் சத்தம் எனக்கே கேட்டது. மாஸ்டரின் பெயரைச் சொன்னேன். வீடு எங்கே என்று கேட்டார்கள், அதையும் சொன்னேன். பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று, கேட்காத விவரத்தையும் சேர்த்துச் சொன்னேன்.

எழுதிக்கொண்டார்கள். கொப்பியை வைத்துக்கொண்டு என்னைப் போகச் சொன்னார்கள். கூடுதலாக இருந்த அரிசியை எடுக்கவில்லை. முழுப் பையையும் திருப்பித் தந்தார்கள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். பெயர் சொன்னதைச் சொல்லவில்லை, கொப்பி பிடிபட்டதை மட்டும் சொன்னேன். அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றார்.

"சீனன்குடாவைப் பற்றி என்ன எழுதினனீ?"

சொன்னேன்.

"நான் சொன்னதெண்டு எழுதினனீயோ?"

"இல்லை அப்பா."

அவர் அலுமாரியைத் திறந்து கடிதங்கள், வேலைத்தலப் படங்கள், சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பிய பழைய நாட்காட்டி எல்லாவற்றையும் குசினிக்குக் கொண்டுபோனார். அம்மா அடுப்பில் வைத்திருந்த கறியை இறக்கி வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சித்தப்பாவின் கடிதங்களில் ஒன்றுமே இல்லை. சுகம் விசாரித்தவை, மழையைப் பற்றியவை. அப்பா ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டு எரித்து, சாம்பலைக் கிளறிவிட்டார்.

சனியும் ஞாயிறும் வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் மூவரும் பேச்சை நிறுத்துவோம். சத்தம் தாண்டிப் போனதும் அம்மா விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வார். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் வரவில்லை. வராதது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. எங்கே போயிருப்பார்கள் என்று எனக்குத் தெரியுமே.

திங்கட்கிழமை அப்பா போகவேண்டாம் என்றார். போகாவிட்டால் ஓடியதாக நினைப்பார்கள் என்று நான் போனேன். மாஸ்டரின் வகுப்பில் பிள்ளைகள் தனியே இருந்து சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளிக்கூட அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"சனிக்கிழமை காலமை மாஸ்டரைப் பொலிசுக்குக் கொண்டு போயிற்றாங்கள்," என்றார். "ஏனெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சேர்," என்றேன். "நான்தான் பெயர் சொன்னனான்."

அவர் எழும்பிப் போய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்தார். பிறகு, "இதை வேற ஒருத்தருக்கும் சொல்லாதைங்கோ," என்றார்.

அன்று பின்னேரம் மாஸ்டரின் வீட்டு வாசல்வரை போனேன். உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. தட்டாமல் திரும்பிவிட்டேன். மறுநாள் காலை அதிபரிடம், நான் மூதூர்ப் பொலிசுக்குப் போகிறேன், கேள்விகளில் பாதி என்னுடையது என்று சொல்லப்போகிறேன் என்றேன். அவரும் கூட வந்தார். வழியில் ஒருதரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வாசலில் நின்றவரிடம் சொன்னேன். சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் இருக்கச் சொன்னார். காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரை அந்த வாங்கில் இருந்தோம். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு தரம் உள்கதவு திறக்கும்போதும் என் பெயரைக் கூப்பிடப் போகிறார்கள் என்று எழும்பப் பார்ப்பேன். நாலு மணிக்குப் பொறுப்பதிகாரி வெளியே வந்தார். என் விலாசம் அவருக்குத் தெரியும் என்றார், தேவையென்றால் கூப்பிடுவதாகச் சொன்னார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். சொல்ல வந்ததை நான் சொல்லவே இல்லை.

மாஸ்டரைப் புதன்கிழமை விட்டார்கள். வழக்கு ஒன்றும் போடவில்லை. ஆனால் கிழமைக்கு ஒருநாள் போய்க் கையெழுத்துப் போடவேண்டும். அப்பாவை அந்த மாதத்துக்குள் தாங்கிகள் இருக்கும் இடத்திலிருந்து வெளி வாசலுக்குப் பக்கத்தில் இருந்த களஞ்சியத்துக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

மாஸ்டர் பள்ளிக்கு வந்த முதல்நாள், மைதானத்தின் ஓரத்தில் அவருக்காகக் காத்து நின்றேன். மெலிந்திருந்தார். உடம்பில் காயம் ஏதும் தெரியவில்லை.

"நான்தான் சொன்னனான் மாஸ்டர்," என்றேன்.

"ஓம். தெரியும். நீங்க சொன்னத அவங்க வாசிச்சுக் காட்டினவங்க." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "உங்களுக்கு அடிச்சாங்களா?"

"இல்லை."

அவர் தலையை ஆட்டினார். "கோவம் இல்லை எண்டு சொல்ல ஏலாது ரீச்சர்," என்றார். "பொய் சொன்ன மாதிரி வரும். ஆனா நீங்க அந்த வாங்கில இருந்தது எனக்குத் தெரியும். உள்ளுக்க சன்னலால பார்த்தனான்."

அதற்குப் பிறகு மூன்று வருடம் பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படிப்பித்தோம். காலையில் சலாம் சொல்வார், நான் வணக்கம் சொல்வேன். ஒரே மேசையில் தேத்தண்ணி குடிக்கவில்லை. குடியியலை விட்டுவிட்டுக் கணிதம் கேட்டு வாங்கினார். எனக்கும் பயம் பழகிப் போனது. ஒரு துண்டுக் கடதாசியில் சாமான் பட்டியல் எழுதினாலும், இதை யாராவது வேறு மாதிரி வாசிக்கலாமா என்று இரண்டாம் தரம் பார்ப்பேன். வகுப்பில் பிள்ளைகள் கை உயர்த்தினால் என்ன கேட்கப் போகிறார்களோ என்று முதலில் வாசல் பக்கம் பார்ப்பேன்.

எழுபதுகளின் கடைசியில் அரிசிக் கட்டுப்பாடு போய்விட்டது. லோஞ்சில் மூட்டை மூட்டையாக ஏற்றினார்கள், ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. சனங்கள் சிரித்துக் கதைத்தார்கள். எனக்கு நகரத்துக்கு மாற்றம் கிடைத்து மூதூரை விட்டு வந்தேன். கொஞ்சக் காலத்தில் வீதிகளில் மறுபடி மறிக்கத் தொடங்கினார்கள். இந்தமுறை அவர்கள் தேடியது அரிசியை இல்லை, ஆட்களை.

அந்த நாட்களில் ஒருதரம், பழைய மாணவி ஒருத்தியின் கலியாணத்துக்கு மூதூர் போய்த் திரும்பும்போது லோஞ்சில் மாஸ்டரின் மனைவியைக் கண்டேன். அன்றுவரை அவரோடு நான் கதைத்ததில்லை. இடம் இருந்தது அவருக்குப் பக்கத்தில் மட்டும்தான். அவர் பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டார். மாஸ்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"சுகம்," என்றார். "அவருக்கு உங்களில கோவம் எப்பவோ போயிற்று. எனக்குத்தான் போகேல்ல."

"ஓம்," என்றேன்.

காற்று கூடியிருந்தது, லோஞ்ச் ஆடியது. நகரத்துக் கரையில் சோதனைக்கு ஆட்கள் நிற்பது தெரிந்தது. அவர் அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நானும் எடுத்தேன். கரை வரும்வரை இரண்டு பேரும் தோளோடு தோள் முட்டிக்கொண்டு இருந்தோம்.