ஒட்டுப்படமும் எட்டுச் சேலையும்

எங்கள் தொழிலில் வேலை பாதி, பசை காயக் காத்திருப்பது பாதி. அந்த இரண்டாவது பாதியில்தான் வாடிக்கையாளர் வந்து நிற்பார்.

சங்கரன்கோவிலில் என் வீட்டு முன்னறையில் ஒட்டுப்படம் செய்கிறேன். பிளைவுட் பலகையில் துணி, நூல், மண், விதை, தகரம், பொத்தான் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஒட்டி, இடையிடையே வண்ணமும் தீட்டிக் கொடுப்பது. சட்டம் போடுவது பக்கத்துக் கடை இசக்கி அண்ணாச்சி. நான் ஒட்டியது விழுந்தால் பழி எனக்கு. அவர் அடித்த ஆணி விழுந்தாலும் பழி எனக்கே. சோறு பிசையும்போது விரலில் காய்ந்த பசை உரிந்து தட்டில் விழுந்த அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். மற்றவர்கள் சிரித்துக்கொள்ளலாம், தடையில்லை.

வரைய வராதவள்

ஆரம்பத்தில் ஒரு பசுமாடு செய்து சன்னல் ஓரம் மாட்டியிருந்தேன். உடம்பு கோணிச்சாக்கு, கொம்பு சிரட்டை, கழுத்தில் நிஜமான வெண்கல மணி. பத்து நாள் வேலை. தெருவில் போன ஒரு அம்மா உள்ளே வந்து சாக்கைத் தடவினார், கொம்பை ஆட்டினார், மணியை இரண்டு தடவை அடித்துப் பார்த்தார். தொட்டுப் பார்க்காமல் ஒட்டுப்படம் பார்த்தவர் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

நானும் உற்சாகமாக, ஒவ்வொரு பொருளும் வெளிச்சத்தில் ஒவ்வொரு மாதிரி தெரியும், சாக்கின் சொரசொரப்பு மாட்டின் தோலுக்கு எப்படிப் பொருந்துகிறது பாருங்கள் என்றெல்லாம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

"உனக்கு வரைய வராது போல. அதுக்கென்னம்மா, பொம்பளப் பிள்ளைக்கு ஏதாவது ஒரு கைத்தொழில் வேணும்லா!"

ஒற்றைச் செருப்பு

தறிக்கூடங்களில் கழிவு நூல் கேட்டு வாங்கி வருவேன். தலைமுடிக்கும் வைக்கோலுக்கும் அதைப்போல ஒத்துழைக்கிற சாமான் வேறு கிடையாது. நான் மூட்டையோடு வருவதைப் பார்த்துப் பார்த்து, 'கோமதி எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கிடுவா' என்று தெருவுக்குள் பேச்சாகிவிட்டது. உடைந்த மிக்ஸி ஜார், பழைய ரிமோட், தீர்ந்துபோன பேனா என்று வாசலில் வந்து சேர ஆரம்பித்தன. காலையில் கோலம் போட இடமில்லை.

எதிர்வீட்டு முத்துலட்சுமி அக்கா ஒரு நாள் ஒற்றைச் செருப்பைக் கொண்டுவந்து நீட்டினாள். இது எதற்கும் ஆகாதக்கா என்று சொல்லிப் பார்த்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எங்க வீட்டுல கிடந்தா குப்பை, உங்க வீட்டுல கிடந்தா கலையாம்லா. பேசாம வச்சுக்கோ, இன்னொண்ணு கிடைச்சா அதையும் கொண்டாந்து தாரேன்!"

மெஷின் மூடிய துணி

எஸ்தர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரு சாயங்காலம் வந்து, காகித உறை ஒன்றைப் பிரித்து, அதற்குள்ளிருந்த துணியை என் மேஜையில் விரித்தாள். கைக்குட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. கத்திரிப்பூ நிறம், ஓரத்தில் மெல்லிய பச்சைக் கோடு. எங்கள் ஊர்த் தறியில் நெய்த பருத்திச் சேலைதான். இறந்துபோன அவள் அம்மா தினமும் வீட்டில் கட்டியது. புது வீடு கட்டியிருக்கிறார்கள், ஜெபம் செய்து குடிபுகும் பிரதிஷ்டைக்கு இரண்டு மாதம் இருக்கிறது. முன்னறையில் அம்மா படம் வேண்டும். படத்தில் அம்மா இந்தச் சேலையைத்தான் கட்டியிருக்க வேண்டும்.

மிச்சச் சேலை எங்கே என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சேலைகளைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளை அழுகிறாளே என்று அவள் அப்பா, எட்டுச் சேலையையும் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கிறவரிடம் போட்டுவிட்டார். எஸ்தர் வேலை முடிந்து வந்து பீரோவைத் திறந்தால் சேலை இல்லை; அடுப்படியில் மூடி போட்ட எவர்சில்வர் சம்படம் ஒன்று புதிதாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு சேலையில் கிழிந்து, தையல் மெஷின் தலையை மூடிக் கிடந்ததால் இந்தத் துண்டு மட்டும் தப்பியது. அன்றிலிருந்து அப்பாவிடம் 'சாப்பிடுங்க', 'கதவப் பூட்டுங்க' என்பதற்கு மேல் பேச்சில்லை.

"ஒரு நூல்கூட வீணாகக் கூடாதுக்கா. இதுவும் போச்சுன்னா எங்கம்மாவுக்குச் சேலையே கிடையாது."

பலகையில் பயிர்

அந்தத் துண்டை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு அலமாரி உச்சியில் வைத்தேன். எடுக்கப் பயம். பயம் தெளியட்டும் என்று வேறு வேலைகளைப் பார்த்தேன். அவை என் பயத்தைத் தெளிய வைத்த லட்சணத்தைக் கேளுங்கள்.

திருவேங்கடத்து விவசாயி ஒருவர், சென்னையில் இருக்கும் மகன் வீட்டுச் சுவருக்குத் தன் வயலைப் படமாகக் கேட்டார். வயல் மண்ணையே ஒரு பை நிறையக் கொண்டுவந்தார். கரிசல் காய்ந்தால் வெடித்துவிடும். அதனால் பசையில் தாராளமாகத் தண்ணீர் விட்டு மண்ணைக் குழைத்துப் பூசினேன். அதில் கம்பு விதையை வரிசையாகப் பதித்து, மெதுவாகக் காயட்டும் என்று ஈரச்சாக்கைப் போட்டு மூடினேன். மூடிவிட்டு ஒரு கல்யாணத்துக்காக சிவகிரி போய்விட்டேன். மூன்று நாள் கழித்து நான் வந்து பூட்டைத் திறக்கவும் அவர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. பெருமையாகச் சாக்கை விலக்கினேன். வரிசை பிசகாமல் பச்சைப் பசேல் என்று முளைத்து நின்றது.

அவர் குனிந்து, ஒரு முளையை விரலால் நீவிப் பார்த்தார்.

"மழய நம்பி ரெண்டு தடவ விதைச்சேன், ஒண்ணும் வரல. நீங்க பலகைல போட்டது வந்துட்டு. அடுத்த வருசம் நீங்களே வந்து விதைச்சிருங்கம்மா!"

சாய்ந்த சாமி

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முன்னால் கடையில் மாட்டவேண்டும் என்று ஒரு டீக்கடைக்காரர் சங்கரநாராயணர் படம் கேட்டிருந்தார். சிவன் பாதிக்கு ருத்திராட்சமும் மண்ணும். பெருமாள் பாதிக்குப் பட்டுத்துணியும் ஜிகினாவும். பார்க்க அருமையாக இருந்தது. ருத்திராட்சத்துக்கும் பட்டுக்கும் எடை ஒன்றல்ல என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை. ஒற்றை ஆணியில் மாட்டிய படம் சாயங்காலத்துக்குள் சிவன் பக்கம் இறங்கிவிட்டது. கடைக்காரர் போனில் கத்தினார். "ரெண்டு பேரும் ஒண்ணுன்னு காட்டத்தான் நம்ம ஊர்ல தபசே நடக்கு. என் கடையில ஒருத்தர் மேல, ஒருத்தர் கீழ நிக்காங்களே, பாக்கவன் என்ன நினைப்பான்?"

இசக்கி அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு ஓடினேன். அவர் படத்தைக் கழற்றித் திருப்பி, பின்பக்கம் என்னவோ முடுக்கி, மறுபடி மாட்டினார். படம் ஆடாமல் அசையாமல் நேராக நின்றது. கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெருமாளுக்குப் பின்னால நாலு இரும்பு நட்டு குடுத்திருக்கேன், முதலாளி. இனி ரெண்டு பேரும் ஒரே வெயிட்டு."

பசை குடித்த துணி

பிரதிஷ்டைக்குப் பத்து நாள் இருக்கும்போது டப்பாவை இறக்கினேன். மற்றதெல்லாம் தயாராக இருந்தது. முகம் தாளில் தீட்டியது, முடிக்குக் கறுப்பு நூல், பின்னால் அடுப்படிச் சுவருக்குச் செம்மண். சேலையின் கீழ்ப்பகுதியைத் துண்டின் நிறத்துக்கே தீட்டி வைத்திருந்தேன். மாராப்புக்கு மட்டும் அந்தத் துண்டு.

கம்பு முளைத்ததிலிருந்து தண்ணீர் கலந்த பசை என்றாலே எனக்கு ஆகாது. இசக்கி அண்ணாச்சி மைக்கா ஒட்டும் பசையை வாங்கி, கடைத்துணி ஒன்றில் ஒட்டிப் பார்த்தேன். கும்மென்று பிடித்தது, ஒரு கறை இல்லை. அந்தத் தைரியத்தில் அம்மாவின் துண்டை ஒட்டினேன். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், அது பசையை உள்ளே விடாது. வருஷக்கணக்கில் துவைத்த துணி குடித்துவிடும். என் கண் முன்னாலேயே இடுப்புக்கு மேல் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறைபோல ஊறி வந்தது. உரித்தால் கிழியும். உட்கார்ந்து அழுதேன், வேறென்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரியவர். எஸ்தரின் அப்பா ஞானமுத்து சார். மகளுக்குத் தெரியாமல் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருக்கிறார். ஒளிக்க இடமில்லை. கறையைக் காட்டி, நான்தான் கெடுத்துவிட்டேன் என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நீ ஒரு துண்டத்தானம்மா கெடுத்த? நான் எட்டுச் சேலையில்லா கெடுத்துட்டு உக்காந்திருக்கேன்."

சம்பட மூடி

மறுநாள் அவர் மஞ்சள் பையோடு வந்தார். உள்ளே அந்தச் சம்படம். வாங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதில் எதையும் போட்டு வைக்கவில்லையாம். "இதையும் எப்படியாவது ஒட்ட முடியுமாம்மா? அங்கன இருந்தா தினமும் என் கண்ண உறுத்துது" என்றார். சம்படத்தைப் பார்த்தேன், படத்தைப் பார்த்தேன், கறையைப் பார்த்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இசக்கி அண்ணாச்சி தகரக் கத்தரியால் மூடியைச் சின்னச் சம்படம்போல வெட்டி, ஓரத்தை ராவிக் கொடுத்தார். அதைக் கறைக்கு மேல் பதித்து, அதை அணைத்துப் பிடித்த மாதிரி அம்மாவின் இரண்டு கைகளையும் தீட்டினேன். இந்த முறை பசையே கிடையாது, நான்கு சின்ன ஆணிதான்.

எஸ்தர் படம் வாங்க வந்தபோது அவள் அப்பாவும் கூட வந்தார். உள்ளே வராமல் வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். கறை விழுந்ததையும், அதை மறைத்தது எது, கொண்டுவந்தது யார் என்பதையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டுத்தான் படத்தைத் திருப்பினேன். எஸ்தர் எல்லோரையும்போலத் தொட்டுத்தான் பார்த்தாள். முதலில் சேலையை, பிறகு மூடியை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். குரலில் கோபத்தைத் தேடினேன், சிரிப்புதான் இருந்தது.

"எட்டுச் சேலைக்கு ஒரு சம்படமாப்பா? அம்மாவா இருந்தா ரெண்டு சேலைக்கே இத வாங்கிட்டு, மேல ஒரு டம்ளரும் கேட்டிருப்பாங்க. உள்ள வாங்க, வந்து பாருங்க!"

இப்போதெல்லாம் 'பழைய துணிக்குப் பாத்திரம்' என்று தெருவில் குரல் கேட்டால், ஞானமுத்து சார் ஓடிப்போய்த் தன் வீட்டுக் கதவைச் சாத்துகிறாராம். நான் ஓடிப்போய்த் திறந்து, இருக்கிற பாத்திரத்தைக் கொடுத்துப் பழைய துணியை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.