ஊர்வலத்துக்கு அந்தப் பக்கம் பல் டாக்டர்

எங்கள் பள்ளி வாசலில் ஸ்டாப் பலகையைப் பிடித்துப் பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் ஹேசல் மவின்னிக்கு லாரி என்றால் பயமில்லை, நாய் என்றால் பயமில்லை. பல் டாக்டர் என்றால் மட்டும் முகம் வெளுத்துவிடும். இடது கன்னத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டேதான் அந்த வருஷம் வேலை பார்த்தார். சூப்பும் டீயில் ஊறிய பிஸ்கட்டும்தான் சாப்பாடு.

அவருக்குப் பக்கத்து வீடு எங்களுடையது. ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் என்னைத்தான் தேடுவார்கள். ஒருநாள் அவருடைய பலகை மதுக்கடைக் கழிப்பறை வாசலில் நின்றது. யார் வைத்தது என்று கேட்காதீர்கள். அன்றிலிருந்து அதைப் பள்ளியில் விடாமல் தோளில் சாத்திக்கொண்டே வீட்டுக்கு வருவார்.

எங்கள் வட அயர்லாந்தில் அரசு சேவையில் பல் பார்ப்பது பஸ்ஸில் சீட் பிடிக்கிற மாதிரி. எழுந்தால் போச்சு. இரண்டு வருஷம் டாக்டருக்கு முகம் காட்டாவிட்டால் பேரை எடுத்துவிடுவார்கள். புதிதாகச் சேர்த்துக்கொள்ள எங்கள் பக்கம் ஒரு டாக்டரும் தயாராயில்லை. பேர் இருந்தால் செக்கப்புக்கு ஒரு பொட்டலம் மீனும் சிப்ஸும் வாங்குகிற காசு. பேர் போனால் பிரைவேட்தான். அங்கே ஒரு பல்லைச் சரிசெய்ய ஹேசல் ஆன்ட்டியின் மாதச் சம்பளத்தைக் கேட்பார்கள்.

அவருடைய கெடு ஜூன் மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் முடிந்தது. அதற்குமுன் வாங்கிய நேரத்தையெல்லாம் தள்ளிவிட்டிருந்தார். ஒருமுறை காய்ச்சல். அடுத்த முறை பூனைக்குக் காய்ச்சல்.

"துணைக்கு வாடா மகனே. சும்மா தெருமுனை வரைக்கும்," என்றார்.

பள்ளி விளையாட்டு விழா இழுத்துக்கொண்டே போனதால் மஞ்சள் கோட்டும் பலகையுமாகவே கிளம்பினோம். மெயின் தெருவுக்கு வந்தால் ஊர்வலம். கோடையில் பழைய போர் வெற்றி ஒன்றைக் கொண்டாடக் குழல் ஊதி டிரம் அடித்துக்கொண்டு ஆண்கள் நடக்காத வாரமே எங்கள் ஊரில் கிடையாது. அதற்குக் குறுக்கே போகக்கூடாது. இது சட்டமாக எங்கும் எழுதியில்லை, சில பேரின் உடைந்த மூக்கில் எழுதியிருக்கிறது.

பல் டாக்டரின் பச்சைக் கதவு நேர் எதிரே. ரிசப்ஷனில் இருக்கும் ஓர்லா கடிகாரத்தைப் பார்ப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

"அடடா, ரோட்ட அடைச்சிட்டாங்களே," என்றார் ஆன்ட்டி. பரீட்சை தள்ளிப்போன பையனின் குரல் அது. எனக்குத் தெரியாத குரலா?

"கையில பலகை இருக்குல்ல?"

"இது புள்ளைங்களுக்குடா."

"அந்தப் பெரிய டிரம் அடிக்கிறது யாரு?"

"கசாப்புக்கடை டேரில்."

"அவன ரோடு கடத்திவிட்டது யாரு?"

"நான்தான். மூக்கொழுகிட்டே வருவான்." அவர் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. "இப்ப வலிக்கலடா. நெஜமாவே வலிக்கல."

"அப்ப இந்த டாஃபிய மெல்லுங்க பாப்போம்."

வெடிகுண்டைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார். எதிரே ஓர்லா எழுந்து சாவியை எடுத்தாள்.

"போனாப் போகுது ஆன்ட்டி. கதவுல நூல கட்டி நானே புடுங்கி விடறேன். காசே வேணாம்."

என்னை ஒரு முறை முறைத்தார். பிறகு நடைபாதையிலிருந்து இறங்கிப் பலகையை உயர்த்தினார்.

முன்வரிசை நின்றுவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. ஐந்து வயதிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்து நின்ற கால்கள், மூளையைக் கேட்காமலே நின்றன. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசையின் முதுகில் இடித்துக்கொண்டார்கள். குழல்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின.

"என்ன பண்றீங்க மிஸஸ் மவின்னி?" டேரிலின் குச்சி அந்தரத்தில் இருந்தது.

"ரெண்டு பக்கமும் பாத்துட்டுத்தான் வந்தேன். அசையாம நில்லு டேரில்."

"சரிங்க மிஸஸ் மவின்னி."

நானும் பின்னாலேயே ஓடினேன்.

"கதவ சாத்தப் போறேன் ஹேசல்," என்றாள் ஓர்லா.

"சாத்து. நான் உள்ள வந்தப்புறம் சாத்து."

வெளியே டிரம் மறுபடி தொடங்கியது. உள்ளே பேரைக் கூப்பிட்டார்கள். ஆன்ட்டி எழவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"மகனே, இப்ப வலிக்குது."

"அதுக்குத்தான வந்தோம்."

நானும் கூடவே போனேன். நாற்காலி சாய்ந்ததும் அவர் பிடித்த பிடியில் என் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டோம். பல் வந்துவிட்டது.

பாதி மரத்த வாயோடு கவுண்டரில் காசைக் கட்டினார்.

"பேரு பத்திரமா இருக்கு," என்றாள் ஓர்லா. "ஆனா மேல ஒரு பல்லு ஆடுதாம். அடுத்த மாசம் வரணும்."

ஆன்ட்டி வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம வேணாம். திங்கள்ல போடு. இவனும் வருவான்."

என் வலது கை இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. அடுத்த தடவை இடது கையைக் கொடுத்துவிட்டால் போச்சு.