குத்துவிளக்கு ஏற்றினால் தனிநாடா?

1. விளக்கு

கேரளத்து மட்டாஞ்சேரியில் ஒரு பழைய மிளகுக் கிடங்கை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். கம்பம் ஊரிலிருந்து பிழைக்க வந்த நான் அங்கே பாங்க்வெட் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம், மருந்துக் கம்பெனி மீட்டிங், கட்சிக்காரர்களின் விருந்து என எதையும் சமாளிப்பவன் என்ற திமிர் எனக்கு உண்டு. அதை ஒரு குத்துவிளக்கு அடக்கியது.

ஒரு தீவு, பெரிய நாடு ஒன்றிலிருந்து பிரிந்து தன்னைத் தனிநாடு என்று அறிவித்துக்கொண்டது. பெரிய நாடு ஒப்புக்கொள்ளவில்லை. இருவருக்கும் சொந்தமில்லாத ஊரில் பேசலாம் என்று முடிவாகி, எங்கள் ஹோட்டலைப் பிடித்தார்கள். நாட்டின் பெயர்கள் வேண்டாம். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கேரளத்தில் விளக்கேற்றாமல் எதுவும் தொடங்காது. செருப்புக் கடைத் திறப்பு விழாவுக்கும் வாசலில் விளக்கு நிற்கும். யாரும் கேட்காமலே, பழக்கதோஷத்தில் நானும் வைத்துவிட்டேன். பெரிய நாட்டு அமைச்சர் வந்ததும் மெழுகுவத்தியை நீட்டினேன். சிரித்த முகமாக ஒரு திரியை ஏற்றினார். ஏற்றியவர் மெழுகுவத்தியைப் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுப்பது இங்கே முறை. அவரும் கொடுத்தார். பக்கத்தில் நின்றவர் தீவின் தலைவி. அவர் அடுத்த திரியை ஏற்ற, எங்கள் போட்டோகிராபர் க்ளிக் செய்தார்.

படம் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அமைச்சர் தன் கையாலேயே மெழுகுவத்தியைக் கொடுத்துவிட்டார், இது அங்கீகாரமேதான் என்று அங்கே வெடி வெடித்துக் கொண்டாடினார்களாம். அமைச்சர் சூட்கேஸை அடுக்கத் தொடங்கினார்.

ஜெனரல் மேனேஜர் வர்கீஸ் சார் ஓடிவந்தார். "எந்தா மணி, நீ வெச்சது விளக்கா, வெடியா? ஓனர் போன்ல கிடந்து கத்துறாரு!"

2. சாட்சி

கெஞ்சிக் கூத்தாடி அமைச்சரை உட்காரவைத்தார்கள். பேச்சுவார்த்தையின் முதல் பொருளே விளக்கு என்றானது. பெரிய நாட்டின் வக்கீல் என்னை உள்ளே கூப்பிட்டு ஆங்கிலத்தில் விசாரித்தார்.

"மெழுகுவத்தியை அமைச்சர் கொடுத்தாரா, அந்த அம்மா பிடுங்கினாங்களா?"

"மெழுகு உருகி அவர் விரல்ல விழுந்துச்சு சார். சூடு தாங்காம நீட்டினாரு."

வக்கீல் முகம் மலர்ந்தது. "அப்போ அது அங்கீகாரம் இல்ல. தற்காப்பு."

தீவுக்காரர்கள் மேசையைத் தட்டினார்கள். ஒரு சொட்டு மெழுகின் சட்ட அந்தஸ்தைப் பற்றி அன்று முழுக்கப் பேசினார்கள். அடுத்த சண்டை, யார் முதலில் அறைக்குள் நுழைவது. மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் சமாளிக்கும் வழக்கப்படி, இரண்டு பக்கக் கதவையும் ஒரே நேரத்தில் திறக்கச் சொன்னேன். அதற்கு மட்டும் இரு தரப்பும் எனக்கு நன்றி சொன்னார்கள்.

3. படகு

ஹோட்டலின் பின்பக்கம் காயல். சாயங்காலம் தீவின் தலைவி அங்கே உட்கார்ந்து, படகுத்துறையில் படகு ஏறும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாயா கொண்டுபோய் வைத்தேன்.

"இதுல ஏற என்ன பேப்பர் காட்டணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் மேடம். டிக்கெட் எடுத்தாப் போதும்."

அவர் கண் கலங்கியது. கணவருக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. தீவில் டயாலிசிஸ் இயந்திரம் இல்லை, எதிர்க்கரையில் இருக்கிறது. ஆனால் எதிர்க்கரை பெரிய நாடு. தீவின் பாஸ்போர்ட்டோடு வந்தால் படகையே திருப்பி அனுப்புகிறார்கள். அவரைப் போல இன்னும் பலர் கிடக்கிறார்கள்.

"நோயாளிகளுக்கு ஒரு படகு விடணும். அதுதான் கடைசிப் பொருள். நீங்க விளக்கு வெச்சீங்க, அந்தச் சண்டையே தீரல. இனி கடைசிப் பொருள் வரைக்கும் எங்க போகப் போறாங்க?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

4. அறை எண்

கடைசி நாள் மதியம். அமைச்சர் எங்கள் ரெஸ்டாரண்டில் மீன் பிரியாணி சாப்பிட்டு, தங்கியிருப்பவர்கள் செய்வதுபோல் பில்லில் அறை எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அறை எண் பன்னிரண்டு. அந்த அம்மையார் நேராகப் போய் எதிரில் உட்கார்ந்தார். ரகசியம் பேசும் அளவுக்கு அவருக்குப் பொறுமை மிச்சமில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது.

"படகுக்கு மட்டும் சம்மதிங்க."

"விடலாம்மா, எனக்கும் மனசு இருக்கு. ஆனா நீங்க ஜனாதிபதின்னு கையெழுத்துப் போட்டு, அதுக்குக் கீழே நான் போட்டா அங்கீகாரம் ஆயிடுமே?"

அந்த அம்மையார் பில்லைப் பார்த்தார். "ஏழாம் ரூம்னு போடுறேன். நீங்க பன்னிரண்டுன்னு போடுங்க."

அமைச்சர் வாய்விட்டுச் சிரித்தார். ஹோட்டல் லெட்டர்பேடில், ஏழாம் அறையின் நோயாளிகளுக்குப் பன்னிரண்டாம் அறை படகு விடும் என்று ஒப்பந்தம் எழுதப்பட்டது.

அமைச்சர் விமானம் ஏறிய பிறகுதான் வக்கீலுக்கு விஷயம் தெரிந்தது. அவரும் சும்மா இருப்பாரா? "அந்த அம்மா சாவியைக் கொடுத்துட்டா ஏழாம் ரூம்னு ஒருத்தரே இல்ல. அப்புறம் யாருக்குப் படகு?" என்றார். பன்னிரண்டாம் அறை காலியானதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

மறுநாள் ஏழாம் அறைக்கு ஒரு கல்யாண பார்ட்டி புக் செய்திருந்தது. செக்-அவுட் நேரம் தாண்டியும் அந்த அம்மையார் இறங்கவில்லை. வர்கீஸ் சார் என்னை அனுப்பினார். அந்த அம்மையார் போனை மடியில் வைத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்குத்தான் முதல் படகு. என் கணவர் அக்கரை சேர்ந்தாரான்னு தெரியாம இந்தச் சாவியைக் குடுக்க மாட்டேன்."

கீழே வந்து, "ஏழுல ஏ.சி. ரிப்பேர் சார். அவுட் ஆஃப் ஆர்டர் போடணும்" என்றேன்.

வர்கீஸ் சார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏ.சி. தானோ?"

"ஆமா சார்."

"அப்போ ரிப்பேர் நடக்கட்டே. கல்யாணக்காரங்கள நான் பாத்துக்கறேன்."

இருட்டும் நேரத்தில் அந்த அம்மையாரே கீழே இறங்கி வந்தார். "மெஷின்ல படுக்க வெச்சுட்டாங்களாம்" என்று சொல்லிச் சாவியை என் கையில் வைத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: செக்-அவுட் நேரத்தை நினைவூட்டும் முன், விருந்தாளி எதற்காகக் காத்திருக்கிறார் என்று கேளுங்கள். பேச்சுவார்த்தை எந்த உடன்பாடும் எட்டாமல் முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. படகு ஓடிக்கொண்டிருந்தது.