நான் சொன்ன ஒரே ஒரு ‘ஆமா’

அப்பாவைச் சிறைக்கு அனுப்பியது நான்தான் என்று ஒன்பது வயதில் எனக்கு உறுதியாகத் தெரியும். யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஆனால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அது போதாதா?

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒருநாள் காலை மூடுபனிக்குள் யாரோ கண்டாக்கையாவைக் கையில் வெட்டிவிட்டு ஓடிவிட்டார்கள். மலையில் எல்லாரிடமும் வேலை வாங்குகிறவர் அவர். வெட்டியவன் முகத்தை அவரே பார்க்கவில்லை. ஆனால் முதல்நாள், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டில், அத்தனை பேர் முன்னால் அவரோடு வாய்ச்சண்டை போட்டவர் எங்கள் அப்பா. அவர் தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் கழித்துக் கவ்வாத்து வெட்டுகிறவர்.

நுவரெலியா நீதிமன்றத்தில் அரசாங்க வக்கீல் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. அன்று காலை அப்பா கத்தியை எடுத்துக்கொண்டு போனாரா? ‘ஆமா’ என்றேன். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று சொல்லி வளர்த்திருந்தார்கள். அப்பாவுக்காக வந்திருந்த வக்கீல் நாற்காலியை விட்டு எழவே இல்லை. என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள். அப்பாவுக்குப் பத்து வருஷம் விழுந்தது.

கவ்வாத்துக் கத்தி தினமும் வீட்டுக்கு வரும், தீட்டியபின் தினமும் மலைக்குப் போகும். எங்கள் லயத்துக் கோழிக்கும் தெரிந்த விஷயம் அது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வரும் நாள் வந்தது. புதிய வக்கீல், நீங்கள் வந்து உட்கார்ந்தால் போதும், பேச வேண்டியதில்லை என்றுதான் சொன்னார். அம்மா நம்பவில்லை.

“புள்ளைய கேக்காம எப்புடி தீர்ப்பு சொல்லுவாங்க?” என்றார்.

முதல்நாளே ஹட்டனில் ரயிலேறினோம். வட்டவளை வருவதற்குள் பாடம் தொடங்கிவிட்டது.

“பேரு கூப்புட்டா முழிச்சிக்கிட்டு நிக்காத. ‘எங்கப்பா தெனமுந்தான் கத்தி கொண்டு போவாருங்க ஐயா’ன்னு சொல்லு. ஐயான்னு சொல்லணும். தொரைன்னு சொல்லிப்புடாத.”

நூறு தடவையாவது சொல்லிப் பார்த்திருப்பேன். ஒரு வார்த்தை தவறினால் அப்பா திரும்பி வரமாட்டார்.

உயரமான மேசைக்குப் பின்னால் மூன்று நீதிபதிகள். கீழே கறுப்பு அங்கியில் வக்கீல்கள். மூலையில் இரண்டு சிறைக்காவலர்களுக்கு நடுவே அப்பா. மெலிந்து போயிருந்தார். ஒருவர் எழுந்து அப்பாவின் பெயரை உரக்க வாசித்தார்.

பெரட்டில் பேர் கூப்பிட்டுக் குரல் வராவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். எழுந்து நின்று, “இருக்கோம்!” என்று கத்திவிட்டேன்.

கூடமே திரும்பியது. சேவகர் வாயில் விரல் வைத்துக்கொண்டு என்னை நோக்கி வந்தார். நடுவில் இருந்த நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். அம்மா தொடையில் கிள்ளி உட்கார வைத்தார். எல்லாம் போச்சு, இனி என்னை எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

அப்படியே நடந்தது. எங்கள் வக்கீல் ஒரு மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். நீதிபதிகள் தாள்களைப் புரட்டினார்கள், இடையிடையே அவரைக் கேட்டார்கள். என்னை யாரும் கூப்பிடவில்லை. மனப்பாடம் செய்த வாக்கியம் தொண்டையிலேயே கிடந்தது. அவர்கள் எழுந்து உள்ளே போனதும் அழுதேன். வழி நெடுகிலும் அழுதேன்.

இரண்டு மாதம் கழித்து அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். என் கத்தலுக்குப் பயந்துதான் விட்டுவிட்டார்கள் என்று சித்தப்பா என்னைச் சீண்டுவார். நானும் வெகுநாள் அதைப் பாதி நம்பினேன்.

வளர்ந்து, இங்கிலீஷ் படித்து, அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருந்த தீர்ப்பை ஒருநாள் எடுத்து வாசித்தேன். மேன்முறையீட்டில் சாட்சியை மறுபடி கூப்பிடுவது வழக்கமில்லை. முன்பு எழுதி வைத்த தாள்களைத்தான் பார்ப்பார்கள். என் ‘ஆமா’ அதில் அப்படியே இருந்தது. அதற்குக் கீழே எங்கள் வக்கீலின் வாதத்தையும் ஏற்று எழுதியிருந்தார்கள்.

என்னை யாருமே கேட்கவில்லையே என்று நான் நடுங்கிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரமும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்: மற்ற நாட்களில் அப்பா எதை எடுத்துக்கொண்டு போவார் என்று அந்தப் பிள்ளையை யாருமே கேட்கவில்லை.