நாக்கு சொன்ன நல்ல தண்ணீர்

ஆறு கடலில் சேரும் இடத்துக்கு நாலு மைல் மேலே இருந்தது நீரேற்று நிலையம். அங்கே பம்பு ஓட்டியவரை ஊரே 'நாக்கு' என்றுதான் கூப்பிட்டது. கடல் ஏறும் நேரத்தில் உப்பு ஆற்றுக்குள் புகும். அப்போது பம்பை நிறுத்த வேண்டும். தினம் இரண்டு முறை ஒரு மிடறு குடித்துப் பார்த்து அவர் முடிவுசெய்வார். இருபத்தாறு வருஷமாக அந்த மிடற்றை நம்பித்தான் ஊர் சமைத்தது, கைக்குழந்தைக்குப் பால் கரைத்தது.

நடுவில் அலுவலகம் உப்பை அளக்கும் மீட்டர் ஒன்றை அனுப்பியது. கொஞ்ச நாளில் அது எந்நேரமும் உப்பு என்றே காட்டியது. சனியன் கெட்டுவிட்டது என்று துணியில் சுற்றி அலமாரியில் போட்டார். மேலே அணை கட்டியபின் ஆறு இளைத்ததும், கரைமரங்கள் நுனி கருகியதும் அவருக்குத் தெரியாததல்ல. பம்பு வலையில் ஆற்றுக் கெளுத்திக்குப் பதிலாகச் சிக்கிய கடல் நண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தின்றவரே அவர்தான். ஆனால் நாக்கு நல்ல தண்ணீர் என்றது.

மலைப்பக்கம் வாழ்க்கைப்பட்ட தங்கை ஒன்பது வருஷம் கழித்து வந்தாள். கொடுத்த தண்ணீரை ஒரு வாய் வாங்கி வாசலில் துப்பினாள்.

"என்னண்ணே, அண்ணி உலையில போடுற உப்பச் சொம்புல போட்டுட்டாங்களா?"

"நான் உப்பத் தொட்டே ரெண்டு வருஷமாச்சு," என்றாள் அண்ணி. ரத்தக் கொதிப்புக்காக மருத்துவர் நிறுத்தச் சொல்லியிருந்தார். அப்படியும் கொதிப்பு இறங்கவில்லை. கால் வீக்கமும் வற்றவில்லை.

மலைத்தண்ணீர் குடித்து உனக்கு வாய் கெட்டுவிட்டது என்று தங்கையை அடக்கினார். ஆனாலும் மறுநாள் காலை, அவள் மலையிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டிலோடு நிலையத்துக்குப் போனார். மீட்டருக்குப் புது பேட்டரி போட்டார். பாட்டில் தண்ணீரில் முள் அசையவில்லை. ஆற்றுத் தண்ணீரில் கடைசிக் கோட்டுக்கே ஓடியது.

பம்பை நிறுத்தினார்.

மதியத்துக்குள் பொறியாளர் போனில் வந்தார். இவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஊர்ல ஒருத்தராவது உப்புன்னு சொன்னாங்களா?" என்றார். "இல்லேல்ல? வேற தண்ணிக்கு நான் எங்க போவேன்? போடுங்க பம்ப."

போட்டார்.

பாட்டிலில் மிச்சமிருந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவிக்கு ஊற்றிக் கொடுத்தார். உப்பில்லாச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவள் ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தாள்.

"சப்புன்னு இருக்குங்க. நம்ம தண்ணியவே குடுங்க."